சிவப்புச் சீட்டு ஒட்டிய கண்காட்சி

பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் ‘டியர் பேரண்ட்ஸ்’ என்று ஒரு செய்தி தொடங்கினாலே அடுப்பை அணைத்துவிட்டுத்தான் மேலே படிப்பேன். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் நல்லது எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. மழை விடுமுறை அறிவிப்பைக்கூட என் மகளைப் பற்றிய புகார் என்று நினைத்துத்தான் படிக்கத் தொடங்குவேன். (விடுமுறை என்று தெரிந்ததும், காயப்போட்ட யூனிஃபார்ம் காயாதே என்ற அடுத்த கவலை வந்துவிடும். கவலை ஒருநாளும் என்னைக் காத்திருக்க வைத்ததில்லை.)

இந்தக் கதையில் ஒரு பள்ளிக்கூடம் தலைகுனிந்தது, ஒரு சூரியன் கிழிந்தது, வீட்டு ஓனர் குடும்பத்தோடு பேச்சு நின்றது. எல்லாவற்றுக்கும் காரணம் என் மகள் யாழினி என்று இங்கே பலர் இன்னும் நினைக்கிறார்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது. காரணம் நான்தான். மூன்று வருடம் கழித்தாவது அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கம் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்துக்கு வந்தவள் நான். கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் தரப் பரிசோதனை. வேலை எளிது. வரிசையாக வரும் பாகங்களைப் பார்க்க வேண்டும். நல்லது பேசாமல் போய்விடும். கெட்டதன்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டவேண்டும். மேலே பெரிய எழுத்தில் ‘ரிஜெக்டட்’ என்று இருக்கும், கீழே பொருள், குறை, ஆய்வாளர் என்று மூன்று கோடுகள். நான்கு வருடம் தினமும் எட்டு மணி நேரம் குறையை மட்டுமே தேடிய ஒருத்தி பிறகு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெற்றால் எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. யாழினி பிறந்ததும் வேலையை விட்டேன். பார்வை விடவில்லை. என் பைக்குள் தங்கிவிட்ட ஒரு சிவப்புச் சீட்டுக் கட்டும் கூடவே வந்துவிட்டது.

என் கணவர் சேகர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அவரும் தெற்கத்திக்காரர். எதற்கும் பதறமாட்டார். அவர் பதறாததையும் சேர்த்து நான் பதறிக்கொள்வேன்.

யாழினி வீட்டில் வாய் மூடமாட்டாள். பள்ளியில் திறக்கமாட்டாள். மூன்றாம் வகுப்பு அரையாண்டுக்கு முன்பு வகுப்பாசிரியை என்னை அழைத்தார். நல்ல பெண்தான், ஆனால் கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும்.

“மேம், யாழினி ரொம்ப சைலன்ட். கேள்வி கேட்டா தரையப் பாக்கறா. ஏ செக்‌ஷன் கொஞ்சம் ஃபாஸ்ட்டா போகும். பி-ல போட்டா அவளுக்கே ஈஸியா இருக்கும்னு பிரின்சிபால் நினைக்கறாங்க.”

பி செக்‌ஷன் பின்கட்டில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. கரண்ட் போனால் பாடம் கேட்காது. அங்கே அனுப்பப்படும் பிள்ளைகளை மற்ற அம்மாக்கள் துக்க வீட்டுக் குரலில் விசாரிப்பார்கள். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் நின்றேன். வேலையை விட்டது, வாடகை வீட்டில் தனியாக வளர்த்தது, கர்ப்பத்தில் சரியாகச் சாப்பிடாதது என்று என் பக்கத்துக் குறைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் தள்ளுபடி ஆகவில்லை.

பத்து நாளில் ‘டியர் பேரண்ட்ஸ்’ வந்தது. மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் கண்காட்சி. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மாடல் செய்து நடுவர் முன்னால் மூன்று நிமிடம் விளக்க வேண்டும். ஆசிரியை எனக்குத் தனியாகவும் போன் செய்தார்.

“இது அவளுக்கு ஒரு சான்ஸ், மேம். ஜட்ஜ் முன்னாடி பேசிட்டான்னா ஏ-லயே இருக்கட்டும்னு நானே சொல்றேன்.”

அன்று முதல் எங்கள் வீட்டில் அது கண்காட்சியாக இல்லை, விசாரணையாக ஆகிவிட்டது.

யாழினிக்கு ஒரு யோசனை இருந்தது. “ம்மா, எறும்பு எத மொதல்ல திங்கும்னு பாக்கலாமா? சக்கரை, உப்பு, பிஸ்கட்டு, மிச்சர் நாலையும் வெச்சி?”

“எறும்புக்கு எவ பிரைஸ் குடுப்பா?” என்றேன். (இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால்!)

செம்பரம்பாக்கம் ஏரியைச் செய்வது என்று நான் முடிவுசெய்தேன். பிளாஸ்டிக் தொட்டி, தெர்மாகோல் கரை, ஊசி போடும் சிரிஞ்சை அழுத்தினால் மேலே எழும்பும் மதகு. சேகரும் அவருடைய லைனில் இருக்கும் ஒரு ஃபிட்டரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார்கள். கரையில் நடுவதற்குப் பொடிப்பொடியாக மரங்கள், கீழே வீடுகள், வீட்டு மாடியில் கொடியில் தொங்கும் துணிகூட. யாழினி பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தாள்.

“ப்பா, நான் ஒட்டட்டா?”

“கை வச்சிராத தாயி, பசை ஒட்டிக்கிடும்.”

“சிரிஞ்சாவது?”

“காயட்டும், காயட்டும்.”

காய்ந்தபோது கண்காட்சிக்கு ஒரு நாள் பாக்கி. மதகு அழகாக எழும்பியது. கரையின் ஓர் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. மூன்று முறை அடைத்தோம். மூன்று முறையும் பக்கத்தில் வேறு இடம் பார்த்துக் கசிந்தது.

“விடு செல்வி. நெசமான ஏரியே கசியத்தான செய்யும்” என்றார் சேகர்.

“ஜட்ஜ் கேட்டா இவ என்ன சொல்லுவா? வாயே தொறக்க மாட்டுக்காளே!”

அங்கேதான் என் மூளை, வழக்கமில்லாத வழக்கமாக, வேலை செய்தது.

எங்கள் கம்பெனிக்கு வெளியிலிருந்து ஆட்கள் ஆய்வுக்கு வரும்போது எங்களுக்கு இரண்டு பாடம் சொல்லித் தருவார்கள். ஒன்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கூட ஒரு சொல் பேசாதே. இரண்டு, குறையுள்ள பொருளை அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீயே சிவப்புச் சீட்டு ஒட்டிவிடு. சீட்டு ஒட்டிய குறை குறையே இல்லை, அது நிர்வாகம். சீட்டு ஒட்டாத குறைதான் குற்றம். பேச வராத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது? சீட்டுக் கட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன்.

“இங்க பாரு யாழி. தொட்டி ஒழுகுனா பயப்படாத. இத எடுத்து, என்ன குறைன்னு எழுதி, உன் பேரப் போட்டு ஒட்டிரு. ஜட்ஜே படிச்சிக்கிடுவாரு. கெட்ட பீஸ் அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிரக் கூடாது, அதான் முக்கியம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்.”

“கெட்ட பீஸ்னா என்னம்மா?”

“சொன்னது ஒண்ணு, இருக்கது ஒண்ணுன்னா அது கெட்ட பீஸ்.”

அவள் அதை மிகவும் கவனமாகக் கேட்டாள். என் வாழ்க்கையில் நான் சொன்ன எதையும் அவள் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எதற்கெல்லாமோ வரும் சந்தேகம் அன்றைக்கு லீவு போட்டுவிட்டது.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை. தூறிக்கொண்டிருந்தது. சேகருக்கு முதல் ஷிப்ட். எங்கள் வீட்டு ஓனரின் மருமகள் கலா அக்கா தன் காரில் எங்களை ஏற்றிக்கொண்டார். அவர் மகன் நித்தீஷும் ஏ செக்‌ஷன்தான். அவனுடைய எரிமலை பின்சீட்டில் எனக்கும் யாழினிக்கும் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

“சூப்பரா கீது அக்கா, வீட்டுலயே செஞ்சீங்களா?” என்றேன். (இங்கே பன்னிரண்டு வருடம் இருந்ததில் எனக்கும் ‘கீது’ ஒட்டிக்கொண்டது.)

“பின்ன? ரெண்டு நாளா புள்ளை தூங்கவே இல்ல செல்வி. அத்தனையும் அவன்தான் செஞ்சிகினு இருந்தான்” என்றார் கலா அக்கா. நித்தீஷ் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாழினி நித்தீஷைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடல்களை மேசையில் வைத்ததும் பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டார்கள். நடுவர் வரும்போதுதான் உள்ளே விடுவார்களாம். ஒன்றரை மணி நேரம் மைதானத்துப் பந்தலுக்குக் கீழே, பந்தல் ஒழுகாத இடம் தேடி நகர்ந்துகொண்டே நின்றேன். உள்ளே தொட்டி கசிந்துகொண்டிருக்கும். மேசை நனையும். தண்ணீர் பக்கத்து மேசைக்கு ஓடும். அங்கே பேட்டரி மாடல் இருந்தால்? என் கற்பனையில் பள்ளிக்கூடமே இருமுறை தீப்பிடித்தது. தாங்க முடியாமல் ஒரு பழைய துண்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தேன்.

கூடம் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

முதலில் அலங்காரம் என்று நினைத்தேன். பிறகு அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பு என்று புரிந்தது. சூரியக் குடும்பத்தின்மேல், காற்றாலையின்மேல், மழைநீர்த் தொட்டியின்மேல், துடிக்கும் இதயத்தின்மேல். ரிஜெக்டட், ரிஜெக்டட், ரிஜெக்டட். ஒவ்வொன்றிலும் என் மகளின் குண்டு எழுத்து.

‘பொருள்: காத்தாடி. குறை: அவங்க அப்பா செஞ்சது.’

‘பொருள்: இதயம். குறை: அவங்க மாமா செஞ்சது. அவனுக்கு இதயம் எந்தப் பக்கம்னு தெரியல.’

‘பொருள்: சூரியன். குறை: அம்மா செஞ்சாங்க. கோள் ஒம்பது இருக்கு.’

‘பொருள்: எரிமலை. குறை: தாம்பரத்துல கடைல வாங்குனது.’

ஒவ்வொரு சீட்டின் கீழும்: ‘ஆய்வாளர்: யாழினி, 3-ஏ.’

எங்கள் ஏரியையும் அவள் விடவில்லை. ‘குறை: அப்பாவும் இன்னொரு மாமாவும் செஞ்சது. ஒழுகுது.’ சொட்டும் இடத்துக்கு அம்புக்குறி வேறு.

அவள் கடைசி வரிசையில் ஒரு பையன் முன்னால் நின்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்: “இது நீ செஞ்சியா?”

“எங்க சித்தப்பா.”

“சரி” என்று எழுதத் தொடங்கினாள். அவனும் எதிர்க்கவில்லை. மருந்துச் சீட்டு வாங்குகிறவன்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஓடிப்போய் அவளிடமிருந்து கட்டைப் பிடுங்கியிருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை. பக்கத்திலிருந்த சீட்டைப் பிய்க்கத் தொடங்கினேன். எங்கள் கம்பெனிச் சீட்டு சாதாரணமானதில்லை. எண்ணெய் பட்ட இரும்பிலேயே ஒட்டி நிற்கும். சுரண்டச் சுரண்ட வெள்ளையாக உரிந்ததே தவிர ‘ரிஜெக்டட்’ அசையவில்லை. நான் பலமாக இழுத்ததில் சூரியன் பாதி கிழிந்து, பாதிச் சீட்டோடு என் கையில் வந்துவிட்டது. அந்த மாடலுக்கு உரிய சிறுமி என்னை அண்ணாந்து பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

“மேம்! என்ன பண்றீங்க?”

வகுப்பாசிரியை. கையில் பட்டியல்.

“இல்ல மேம்... இந்த ஸ்டிக்கர...”

“ஐயோ, அதத் தொடாதீங்க! ஆபீஸ்ல ஒட்டியிருக்காங்க. பிரிண்ட் பண்ண ஃபார்ம் மேம் அது. எங்களுக்கே இன்னும் சொல்லல. ஜட்ஜ் உள்ள வந்துட்டாரு, நீங்க பின்னாடி போய் நில்லுங்க, ப்ளீஸ்.”

அந்த நொடியில் நான் சொல்லவேண்டியது நான்கே சொல். ‘என் மகள்தான் ஒட்டினாள், மேம்.’ ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். நான் தரையைப் பார்த்தேன். பிறகு, பாதிச் சூரியனைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, பின்சுவரோரம் போய் நின்றேன். பெற்றோர் உள்ளே வந்து வரிசையாக நின்றார்கள். கலா அக்கா என் பக்கத்தில்.

“இன்னாமே செவப்பா ஒட்டிகிறாங்கோ? பிரைஸா?”

“தெரியலையே அக்கா” என்றேன். நான் மறைத்தது இது இரண்டாவது முறை.

நடுவர் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிப் பேராசிரியர். முதல் மேசையில் சீட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். இரண்டாவது மேசையில் முகம் மலர்ந்தது. மூன்றாவது மேசையிலிருந்து பிள்ளைகளிடம் ஒன்றும் கேட்கவேயில்லை, சீட்டை மட்டும் படித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். அரைமணியில் சுற்றிவிட்டு, மைக்கை வாங்கினார்.

“எத்தனையோ ஸ்கூலுக்கு ஜட்ஜா போயிருக்கேன். பேரண்ட்ஸ் செஞ்ச மாடல ஸ்கூலே ரிஜெக்ட் பண்ணி, காரணத்தையும் ஓப்பனா எழுதி ஒட்டுனத இன்னிக்குதான் பாக்கறேன். இந்த நேர்மைக்காகப் பிரின்சிபால் மேடத்துக்குக் கை தட்டணும்.”

பிரின்சிபால் சிரித்தார். என்ன என்று தெரியாமல் சிரிக்கும் சிரிப்பு. அது எப்படி மெல்ல உறைந்தது என்பதை, குறை தேடிப் பழகிய கண்ணால், நான் கட்டம் கட்டமாகப் பார்த்தேன்.

“சீட்டு இல்லாம இருந்தது ஒரே ஒரு ப்ராஜெக்ட். மூணு டீ கப்புல வெந்தயம். ஒரு கப்பு செத்துப்போச்சு, ஏன்னு அந்தப் பொண்ணே எழுதியிருக்கு. த்ரீ பி. அதுக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ். செகண்ட், தேர்டு கொடுக்க ஆளில்ல. ஆமா, கீழ ஆய்வாளர் யாழினின்னு போட்டிருக்கே, எந்த டீச்சர் அவங்க?”

ஆசிரியைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது.

“நான்தான்.”

பள்ளியில் எந்த ஆசிரியையும் கேட்டிராத அந்தக் குரல் மைக் இல்லாமலே பின்சுவர் வரை வந்தது.

“நீயா! யாரு ஒட்டச் சொன்னது?”

“எங்கம்மா.”

“எதுக்கு?”

“கெட்ட பீஸ் அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிரக் கூடாது.”

“உங்கம்மா எங்க?”

விரல் நீட்டினாள். கேட்டதற்கு மட்டும் பதில், கூட ஒரு சொல் இல்லை. என் ஆய்வுப் பயிற்சியில் இவ்வளவு சுத்தமாகத் தேறியவர்களை நான் கம்பெனியில்கூடக் கண்டதில்லை. நாற்பது ஐம்பது தலைகள் திரும்பின. என் கையிலிருந்த துண்டு நழுவி, பாதிச் சூரியன் தரையில் விழுந்தது.

கலா அக்காதான் முதலில் பேசினார். “கடைல வாங்குனதுன்னு எவன்டா சொன்னது?” என்று நித்தீஷைப் பார்த்துக் கத்தினார். “யாழினி கேட்டா, சொன்னேன்” என்றான் அவன். அவர் என் பக்கம் திரும்பினார். “இன்னா செல்வி, எங்க வூட்ல குந்திகினு எங்க மானத்தையே வாங்குறியா? தெரியலன்னு சொன்னியே, வாய் கூசல?”

கூசியது. குனிந்து பாதிச் சூரியனைப் பொறுக்கினேன்.

பிரின்சிபால் அறையில் நடந்ததை விரிவாக எழுத மனமில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதினேன். கிழிந்த சூரியனைச் செய்து தருவதாகச் சொன்னதற்கு, “தயவுசெஞ்சு நீங்க ஒண்ணும் செய்யாதீங்க” என்றார் அந்தச் சிறுமியின் அம்மா. மீதிச் சீட்டுக் கட்டை ஒரு கவரில் போட்டுத் தந்தார்கள். தூறலில் ஷேர் ஆட்டோவில் வீடு வந்தோம். யாழினி தொட்டியை மடியில் வைத்திருந்தாள். அது அவள் பாவாடைமேல் சொட்டிக்கொண்டே வந்தது.

“தப்பாம்மா?” என்றாள் ஒருமுறை.

“இல்ல” என்றேன். பிறகு “தெரியல” என்றேன்.

அடுத்த வாரமே பி செக்‌ஷன். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாய் திறக்காததற்காக அவளை அங்கே அனுப்ப இருந்தார்கள். அன்று அவள் முப்பது பிள்ளைகளோடு பேசினாள், நடுவரோடு பேசினாள், ஒரு கேள்விக்கும் தரையைப் பார்க்கவில்லை. ஆகவே ‘ஏ செக்‌ஷன் மாணவர்களின் மன அமைதியைக் கருதி’ அனுப்பினார்கள். ஏரி மாடலும் காப்பாற்றவில்லை, ஆசிரியையும் பரிந்து பேசவில்லை, நேராக ஜெனரேட்டர் பக்கம்.

கலா அக்கா ஏழு மாதம் பேசவில்லை. மோட்டார் போடும்போது “செல்வி, தண்ணி வருது, புடிச்சிக்கோ” என்று மாடியிலிருந்து கூப்பிடுவார். அந்தக் குரல் நின்றுவிட்டது. குழாய் பக்கமே காதை வைத்துக்கொண்டு ஏழு மாதம் குடியிருந்தேன்.

சேகர் ஷிப்ட் முடிந்து அன்று மாலை வந்து, முழுவதையும் கேட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. திங்கட்கிழமை அவர் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்கடுத்த பொங்கலுக்குள் சங்கரன்கோவில் வரை போய்விட்டது. இப்போது எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் ‘நானே செஞ்சேன்’ என்று சொல்வதில்லை. என் நாத்தனார் ஒருமுறை தட்டு நிறைய அதிரசத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாழினியைப் பார்த்ததும், “பாதி நான், பாதி எங்க அத்தை, பாகு மட்டும் பக்கத்து வீட்டுக்காரி” என்று தானாகவே வாக்குமூலம் கொடுத்தாள். என் கணவர் இதை விருந்தாளி வரும்போதெல்லாம் நடித்துக் காட்டுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், கொஞ்சம் தாமதமாக.

பி செக்‌ஷனில் அவளுக்கு என்ன நடக்கிறது என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. பேசுகிறாளாம். ஜெனரேட்டர் ஓடும்போது சத்தமாகவே பேசுகிறாளாம். இப்போது ஆறாம் வகுப்பு. அவளை நான் கெடுத்தேனா, காப்பாற்றினேனா என்று துணி மடிக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். இரண்டு பக்கமும் வலுவான சாட்சி இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. ப்ராஜெக்ட் என்று அறிவிப்பு வந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கக் கூடாது. அப்பனும் மகளும் சேர்ந்து எடுத்த முடிவு. சேகரும் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். என்னை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். மாலை வரை திரும்பக் கூடாது. அர்ச்சனை முடிந்தாலும் பிராகாரத்தில் உட்கார்ந்திருப்பேன். தொட்டி ஒழுகுமா, கத்தரி கையில் பட்டுவிடுமா, பசையைக் கண்ணில் தேய்த்துக்கொள்வாளா என்று முருகனிடம் ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவரும் சேகரைப்போல் பதறாதவர்.

வாசலில் பூ விற்கும் அம்மாவுக்கு இப்போது என்னை நன்றாகத் தெரியும். தூரத்தில் பார்த்ததுமே முழம் போடத் தொடங்கிவிடுவார்.

“இன்னாம்மா, திரும்பியும் பொண்ணுக்கு ப்ராஜெக்ட்டா?”

“ஆமாக்கா.”

“இந்த வாட்டி இன்னா செய்யுது?”

“தெரியலக்கா” என்பேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது.